வில்லும் நாணும்

ஒரு பிற்பகல் வேளையில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். இடையே, "நாண் என்றால் என்ன?" என்று கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் அமைதி காத்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் தயங்கி எழுந்து, "வெட்கம், ஐயா" என்றார். மற்றவர்கள் சிரித்தனர்.

அவர் சொன்னது பிழையன்று. திருக்குறளில் நாணுடைமை என்றோர் அதிகாரமே இருக்கிறது. ஆயினும், அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தது கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டு. அங்கே நாண் என்பது வில்லின் கயிறு. நான் அவ்வாறு சொன்னதும் அனைவரும் ஏட்டில் குறித்துக்கொண்டனர். குறித்துக்கொண்டனர் என்பது உண்மை. அறிந்துகொண்டனர் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. நாற்பத்தைந்து பேர் கொண்ட அவ்வகுப்பில் ஒருவர்கூட ஒரு வில்லைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்ததில்லை.

சிலை, கொடுமரம், கணை, பகழி, வாளி, கோல், தூணி, புட்டில், குதை எனச் சொற்களை மனப்பாடம் செய்வித்துப் பொருளைக் கண்ணில் காட்டாமலே பட்டம் வழங்கி அனுப்புகிறோம். சங்க இலக்கியம் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு வில்லையேனும் செய்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. துணிவும் ஒழுங்கும் இருந்தால் போதும். இவ்விரண்டும் இன்று நம்மிடையே குறைந்து வருவதால்தான் இதனை எழுத நேர்ந்தது.

மார்க்கெட்டில் கிடைத்த வில்

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். குத்பா பள்ளிவாசலும் முல்லா வீதியும் அமைந்த தென்பகுதியே எங்கள் பகுதி. அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தால் பெரிய மார்க்கெட்டை அடையலாம். 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற எதுவார் குபேர் அவர்களின் பெயரால் அதனைக் குபேர் அங்காடி என்று ஏட்டில் எழுதுவர். பிரெஞ்சுக்காரர் காலத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்கள் கிராண்ட் பஜார் என்பர். எங்களுக்கு அது என்றும் பெரிய மார்க்கெட்தான். காய்கனி, மீன், பூ, தானியம், மண்பாண்டம், கூடை, முறம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மணம். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கைக் கொண்டே எந்த வரிசையில் நிற்கிறோம் என்று எங்களால் சொல்ல முடியும்.

என் அத்தா அங்கே சிறியதொரு கயிற்றுக்கடை வைத்திருந்தார். தேங்காய் நார்க்கயிறு, சணல், மீன்வலை நூல், பூக்கட்டும் நார் ஆகியவை அவருடைய வாணிபப் பொருள்கள். பள்ளி விடுமுறை நாள்களில் கடையில் அமர்ந்து சணலை எடைபோட்டுக் கொடுப்பது என் வேலை.

1987 முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் முதலில் இராமாயணமும் பின்னர் மகாபாரதமும் தொடர்களாக ஒளிபரப்பாயின. எங்கள் வீதியில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. அவ்வீடுகளின் கூடத்தில் இன்ன சமயத்தார் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். தொடர் முடிந்த அரை மணி நேரத்திற்குள் வீதியே போர்க்களமாகிவிடும். விளக்குமாற்று ஈர்க்குகளே எங்கள் அம்புகள். எந்த வீட்டிலும் விளக்குமாறு முழுதாக இருந்ததில்லை.

ஈர்க்கை வளைத்துச் செய்த வில்லில் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. கூடை முடையும் அம்மையார் ஒருவர் கழித்துப் போட்ட மூங்கில் பட்டையைக் கேட்டு வாங்கினேன். கடையிலிருந்த வலை நூலைக் கட்டினேன். அம்பு நுனியில் ஒரு குண்டூசியைச் செருகினேன். அப்போது எனக்கு வயது பத்து. என் வாழ்நாளில் நானே செய்த முதற்பொருள் அதுதான். வேப்பமரத்தைக் குறிவைத்து நான் விட்ட மூன்றாவது அம்பு, மரத்தின் பின்னாலிருந்து ஓடிவந்த அண்டை வீட்டுத் தம்பியின் கன்னத்தில் பாய்ந்தது. கண்ணுக்கும் காயத்திற்கும் இடையே ஒரு விரல் அகலமே இருந்தது.

அத்தா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அவர் என்னை அந்த வீட்டிற்கு அழைத்துச்சென்று, தம்பியின் தாயாரிடம், "தப்பு என் பிள்ளைமேலதாம்மா. செலவு என்னோடது" என்று தலைகுனிந்து நின்றார். எவர் முன்னும் தலைகுனிந்து நான் பார்த்திராத மனிதர் அவர். திரும்பும் வழியில் மதரசாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்திடம் என்னை நிறுத்தி, நடந்ததைச் சொன்னார்.

ஹஜ்ரத் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அம்பைக் கடைத்தெருவில் எப்படி எடுத்துச் செல்ல வேண்டும், தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. நம் பள்ளிவாசல்களிலோ கடைத்தெருக்களிலோ அம்புகளுடன் செல்பவர், எவர் மீதும் பட்டுவிடாதவாறு அவற்றின் முனையைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அவர் எனக்கு எடுத்துரைத்தார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற நபிமொழி அது. "முனை உன் கையில் இருக்கணும். குத்தினால் உன்னைக் குத்தட்டும்" என்றார் ஹஜ்ரத்.

மறுநாள் கடையில் அத்தா ஒரு நல்ல மூங்கிற்பட்டையை எடுத்து வைத்திருந்தார். அதற்கேற்ற நாணைத் தாமே முறுக்கிக் கொடுத்தார். அம்பின் நுனியில் துணிப்பந்து கட்டிக் கொடுத்தார். வில்லைப் பறித்துக்கொள்ளாமல் வில்லின் ஒழுக்கத்தைக் கற்பித்தார்கள் அவ்விருவரும். இவ்வேறுபாட்டை நான் உணர்ந்துகொள்ள முப்பது ஆண்டுகளாயின.

வில்லால் ஆன தமிழ்

வில் என்பது தமிழர்க்கு வெறும் போர்க்கருவியாக இருந்ததில்லை. சேரர் கொடியிலும் இலச்சினையிலும் வில் இருந்தது. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசுகளிலும் வில்லும் அம்பும் காணப்படுகின்றன. ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது வன்பரணர் பாட்டின் செய்தி. அவ்வள்ளலின் நினைவாகக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதம் தமிழ்நாடு அரசு விழா எடுத்து வருகிறது.

திருவள்ளுவர்க்கு வில்லும் அம்பும் மிகவும் பழகிய பொருள்கள் என்று தோன்றுகிறது. வில்லை ஏராகக் கொண்டு உழுபவரைப் பகைத்தாலும் சொல்லை ஏராகக் கொண்டவரைப் பகைக்காதே என்கிறார். முயலை எய்து வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானைக்கு எறிந்து தவறிய வேலே சிறந்தது என்கிறார். வில் வளைவது பணிவினால் அன்று, தீமை கருதியே. பகைவர் சொல்லின் வணக்கமும் அத்தகையதே என்று எச்சரிக்கிறார். நேராக நிற்கும் அம்பு கொடியது, வளைந்து நிற்கும் யாழ் இனியது. மனிதரையும் தோற்றத்தால் அன்றிச் செயலால் அறிக என்று நயம்பட உரைக்கிறார். நாணேறிய வில் ஒன்றைக் கையில் பிடித்தவர்க்கே இவ்வுவமைகளின் முழு ஆற்றலும் விளங்கும்.

இவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஒரு காட்சியாகும். காட்டில் ஆனிரை மேய்க்கும் இடையன் ஒருவன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்தபின் உள்துளையுடைய குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கிறான். அவன் எதையும் விலைகொடுத்து வாங்கவில்லை. பேரியாழைக் கையிலேந்தி வள்ளலைத் தேடிச் செல்லும் பாணனுக்கு வழிகாட்டும் நூலிலேயே, காசில்லாத இடையனின் கைவினையையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மறவாது பதித்துவைத்தார். அந்த மரல் நார் வில்லின் நாணுக்கும் உரியது. நாணுக்குரிய சணல் என்னும் பொருள்பட அச்செடியினத்திற்கு ஆங்கிலத்திலும் பெயர் வழங்குகிறது. ஒரே நார் வில்லில் கட்டினால் நாண். யாழில் கட்டினால் நரம்பு.

இம்மரபு அறுந்துவிடவும் இல்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் இன்றும் வில்லைக் குடத்தின் மேல் வைத்துக் கட்டி, வீசுகோலால் நாணை அடித்துக் கதை பாடுகின்றனர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதனை மேடைக்குக் கொண்டுவந்தார். சுப்பு ஆறுமுகம் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஈந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். கொல்லும் கருவியைப் பாடும் கருவியாக்கிய மக்கள் நாம் என்பதை மறத்தலாகாது.

கையால் அறியும் பாடம்

இனி, வில் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். இதற்கு வேண்டியவை நன்கு முற்றி உலர்ந்த மூங்கில், முறுக்கிய நூல், உப்புத்தாள், ஒரு கத்தி, ஒரு மெழுகுவர்த்தி ஆகியவையே. எம் துறை மாணவர் ஒருவர் செய்த வில்லுக்கு ஆன மொத்தச் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

மூங்கிற்பட்டை எய்பவரின் உயர அளவு நீளமும் இரண்டு விரல் அகலமும் இருத்தல் வேண்டும். குட்டையான வில் முழுதும் இழுக்குமுன்னே முறிந்துபோகும். பச்சை மூங்கில் வளைத்தபடியே நின்றுவிடும், மீண்டு நிமிராது. மூங்கிலின் வலிமை அதன் பளபளப்பான புறத்தோலில் இருக்கிறது. வில் வளையும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அழுந்துகிறது. ஆகவே, இழுவையைத் தாங்கும் புறத்தோலை இலக்கை நோக்கிய பக்கமாக வைத்து, அதனைக் கீறாமல் உட்புறத்தை மட்டுமே சீவ வேண்டும். பிடிக்கும் இடம் தடித்தும் இரு முனைகளும் சிறுத்தும் அமைய வேண்டும். கணுக்களின் மீது கத்தி அழுந்தப் படலாகாது.

இங்கேதான் பொறுமையின் பாடம் தொடங்குகிறது. சிறிது சீவிச் சிறிது வளைத்துப் பார்க்க வேண்டும். இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று சற்றுத் தள்ளி நின்று நோக்க வேண்டும். விறைத்து நிற்கும் இடத்தில் மேலும் சீவலாம். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடலாகாது. சீவியதை மீண்டும் ஒட்ட முடியாது. அவசரக்காரன் செய்த வில் அவன் கையிலேயே முறியும். ஒரு வில் உருவாக நான்கு மாலைப் பொழுதுகளேனும் வேண்டும்.

முனைகளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நாண் அமர்வதற்கான வெட்டுகளை இருபுறமும் இட வேண்டும். இதுவே குதை. அம்பின் அடியில் நாண் பொருந்தும் வெட்டுக்கும் அதே பெயர்தான். குதையின் விளிம்பு கூராக இருந்தால் நாணை அறுத்துவிடும். எனவே உப்புத்தாளால் தேய்த்து மழுப்ப வேண்டும். நாணுக்கு நைலான் ஏற்றதன்று. அது நீண்டு கொடுக்கும். நீளாத நூலைப் பல புரிகளாக எடுத்து முறுக்கி, மெழுகு தேய்த்துக்கொள்ள வேண்டும். வில்லைவிட நாண் நான்கைந்து விரல் குறைவாக இருக்கட்டும். நாணேற்றிய பின், பிடிக்கும் இடத்திற்கும் நாணுக்கும் இடையே, கட்டைவிரலை நிமிர்த்திய கைம்முட்டியின் அளவு இடைவெளி இருந்தால் வில் சரியாக அமைந்துவிட்டது எனலாம்.

அம்பிற்கு மெல்லிய மூங்கிற் சீவலையோ நாணற்றட்டையையோ பயன்படுத்தலாம். வளைந்திருந்தால் அனலில் காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வால்புறத்தில் மூன்று இறகுகளை ஒட்ட வேண்டும். கோழிக்கடையில் வீசியெறியும் சிறகிறகுகளே போதுமானவை. மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருந்தால் அம்பு சுழன்று நேராகப் பாயும். முனையில் இரும்பு வேண்டா. துணியும் ரப்பரும் சுற்றிய பந்தே போதும். வைக்கோல் திணித்த சாக்கு மூட்டை இலக்காகட்டும்.

மூன்று விலக்குகளை மாணவர் மனத்தில் நிறுத்த வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடலாகாது. அம்புக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் வில்லுக்கே திரும்பி அதனை முறித்துவிடும். வேலை முடிந்ததும் நாணை இறக்கி வைக்க வேண்டும். எப்போதும் வளைந்தே இருக்கும் வில் தன் விசையை இழந்துவிடும். பறவையையோ விலங்கையோ குறிபார்த்தல் கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர் வேட்டையைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அருளுடையார் செய்யும் செயலன்று அது. சிலர் பி.வி.சி. குழாயைச் சூடாக்கித் தட்டையாக்கி வில் செய்வதுண்டு. அளவுக்கு மீறிச் சூடேறினால் அக்குழாய் நச்சுப்புகையை வெளியிடும். மூங்கில் இருக்கும் நாட்டில் அது நமக்குத் தேவையில்லை.

மூலையில் சாய்ந்த வில்

சென்ற ஆண்டு எம் துறையில் சங்ககால வாழ்வியல் கண்காட்சி ஒன்று அமைத்தோம். மாணவர்கள் உரலும் முறமும் யாழின் மாதிரியும் கொண்டுவந்து வைத்தனர். நான் முன்னர்க் குறிப்பிட்ட அந்தக் கடைசி வரிசை மாணவர், வெட்கம் என்று விடை சொன்னவர், நான் கூறிய முறைப்படி ஒரு வில்லைச் செய்திருந்தார். தள்ளுவண்டியில் பழம் விற்கும் ஒருவரின் மகன் அவர். அவ்வளவு நேர்த்தியான வில்லை நானே செய்ததில்லை.

கண்காட்சிக்கு வரும் வழியில் சிலர் அவரை மறித்து நிறுத்தினர். பெயரைக் கேட்டனர். பெயரைக் கேட்டபின் கேள்விகள் பெருகின. எங்கே செய்தாய், யார் சொல்லிச் செய்தாய், எதற்காக என்று முக்கால் மணி நேரம் தெருவில் நிற்கவைத்தனர். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியும் எளிதில் விடவில்லை. அவர் கல்லூரியை அடைந்தபோது கண்காட்சி தொடங்கிவிட்டது. நடந்ததை என்னிடம் சொல்லாமல் வில்லைத் துறையின் மூலையில் சாய்த்து வைத்துவிட்டுச் சென்றார்.

மறுநாள் அவருடைய தந்தையார் என்னைக் காண வந்தார். "சார், நீங்க நல்லதுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருப்பீங்க. ஆனா எங்க பிள்ளைங்க கையில இதெல்லாம் வேணாம் சார். காலம் சரியில்ல" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. எனக்கு உடனே விடை சொல்ல வாய் எழவில்லை. சமுதாயப் பெரியவர் ஒருவரும் பின்னர் இதே கருத்தைத் தெரிவித்தார். தமிழ்த்துறைக்கு வில் எதற்கு, கவிதையும் கட்டுரையும் போதாதா என்று வினவினார்.

அவ்விருவர்க்கும் இம்மலர் வாயிலாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

அந்தத் தந்தையாரின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. மகனின் பாதுகாப்பைக் கருதும் எந்தத் தந்தையும் அவ்வாறே பேசுவார். வில்லினால் தீங்கு நேரக்கூடும் என்பதையும் என் சொந்தக் கைகளே அறியும். கம்பர் காவியத்தில் சிறுவன் இராமன் விளையாட்டாக எய்த மண்ணுண்டை கூனியின் முதுகில் பட்டது. அவ்வடு அவள் நெஞ்சில் பகையாக வளர்ந்து ஒரு நாட்டையே அழவைத்தது. விளையாட்டுக்கும் விளைவுண்டு என்பதை இதனினும் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

எனினும், நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் ஐயுறுவர் என்று அஞ்சி நம் பிள்ளைகளின் கையிலிருந்து வில்லை வாங்கிவிட்டால் அத்தோடு அது நிற்குமா? நாளை வேறொரு பொருளைக் கண்டு ஐயுறுவர், அதனையும் வாங்கிவிடுவோமா? தான் பிறந்த மொழியின் பழம்பாட்டை மற்ற மாணவர் போலவே தன் கையாலும் தொட்டறியும் உரிமை அம்மாணவர்க்கும் உண்டு. ஓரியும் சேரனும் அந்த இடையனும் அவருக்கும் முன்னோரே. அவ்வுரிமையை அச்சத்தின் பொருட்டு நாமே கைவிடுவது, பிறர் நமக்கு இழைக்கும் தீங்கைவிடப் பெரிய தீங்காகும்.

நம் சமய மரபிலும் வில் அயலான பொருளன்று. அம்பெய்து பழகிக்கொண்டிருந்த கூட்டத்தாரைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உங்கள் தந்தை இஸ்மாயீல் ஒரு வில்லாளர் என நினைவூட்டி ஊக்குவித்தார்கள். கி.பி. 625-இல் நிகழ்ந்த உஹதுப் போரில் குன்றின்மீது நிறுத்தப்பெற்ற ஐம்பது வில்லாளரில் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டது என எண்ணிக் கட்டளையை மறந்து இறங்கியதால் நேர்ந்த இடரை அறியாத முஸ்லிம் இல்லை. ஊக்கமும் உண்டு, ஒழுங்கும் உண்டு. இரண்டையும் சேர்த்தே கற்பித்தது நம் மரபு.

வெறும் மூங்கில் வில் எங்கே கொண்டு சேர்க்கும் என்று கேட்போர்க்கும் விடையுண்டு. இராசத்தானின் உதயப்பூர்ப் பகுதியில் பழங்குடிக் குடும்பமொன்றில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். அவர் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் வில்லேந்தினார். ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லோடு தொடங்கியவரே. 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். கைகளின்றிப் பிறந்து கால்களால் வில்லை இயக்கும் ஷீத்தல் தேவி 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது பதினேழு. பன்னாட்டுப் போட்டிக்குரிய வில் இன்று இலட்ச ரூபாயைத் தாண்டும். ஆனால், நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் மூங்கிலாலும் மரத்தாலும் ஆன வில்லுக்கென்றே தனிப்பிரிவு ஒன்று உள்ளது. பழ வண்டிக்காரரின் மகனுக்கும் அங்கே இடமுண்டு.

செய்யத்தக்கன

குறை கூறுவதோடு நில்லாமல் செய்யத்தக்க வழியையும் கூறுதல் முறையாகும். சங்க இலக்கியத் தாள் பயிலும் மாணவர்கள் நால்வர்க்கு ஒரு வில் என்ற அளவில் ஆண்டுதோறும் வில் செய்யட்டும். கல்லூரி வளாகத்திற்குள்ளேயே செய்யட்டும். ஒளிவு மறைவு வேண்டா. உடற்கல்வித்துறை ஆசிரியர் உடனிருக்கட்டும். எய்பவர் கோட்டிற்கு முன்னால் எவரும் செல்லாதிருக்கக் கயிறு கட்டி எல்லை வகுப்போம். செய்த வில்லைத் துறையிலேயே எண்ணிட்டுப் பதிந்து வைப்போம். வெளியே கொண்டுசெல்ல நேர்ந்தால், நாணை இறக்கித் துணியில் சுற்றி, ஓர் ஆசிரியரின் துணையோடும் கல்லூரியின் கடிதத்தோடும் கொண்டுசெல்லட்டும். சென்ற ஆண்டு அம்மாணவரைத் தனியே வரவிட்டது என் பிழை. அதனை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூங்கிலை அறிந்தவர் பேராசிரியர் அல்லர், கூடை முடைபவரே. அவரை அழைத்து மேடையில் அமர்த்தி மாணவர்க்குக் கற்பிக்கச் செய்வோம். பட்டையைக் கையில் எடுத்ததும் அது முற்றியதா இளையதா என்று விரலால் தட்டிச் சொல்லும் அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைப்பதன்று. எய்ய விரும்பாத மாணவர் அதே வில்லைக் குடத்தின்மேல் வைத்துப் பாடட்டும். அந்நாளில் பெற்றோரையும் சமுதாயப் பெரியோரையும் ஊர்மக்களையும் சமய வேறுபாடின்றி அழைப்போம். கண்முன் செய்வதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. காணாததையே மனிதர் அஞ்சுகின்றனர்.

நிறைவாக, அந்த நாண் என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை இரு பொருளிலும் ஆள்கிறார். உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை கயிற்றால் ஆட்டப்பெற்று உயிருள்ளது போல மயக்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. நாண் என்றால் வெட்கம் என்று சொன்ன அம்மாணவர், தாம் அறியாமலேயே குறளின் வாயிலில் நின்றிருந்தார்.

சென்ற வாரம் இக்குறளை அவரிடம் படித்துக் காட்டி, மூலையிலிருந்த வில்லை எடுத்து வரச் சொன்னேன். ஓராண்டாகத் தூசு படிந்திருந்த அதனைத் துடைத்து எடுத்து வந்தார். நாணை ஏற்றினார். என் மேசையில் இருந்த அம்பையும் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும், அவர் விரல்கள் அம்பின் முனையைப் பற்றியிருந்தன.